டிஸ்கெரின் மாற்றம் எந்தப் பணியைக் கெடுக்கிறது? ஆய்வகத்தில் படிப்படியாகக் கண்டறியும் முழுமையான வழிகாட்டி

டிஸ்கெரின், என்ஓபி10, என்எச்பி2, ஜிஏஆர்1 ஆகிய நான்கு புரதங்களும் எச்/ஏசிஏ வகை ஆர்என்ஏ ஒன்றும் சேர்ந்து உருவாகும் ரைபோநியூக்ளியோபுரதத் துகளுக்கு மனித செல்லில் இரண்டு வேலைகள் உண்டு. வழிகாட்டி ஆர்என்ஏவுடன் இருக்கும்போது அது ரைபோசோம் ஆர்என்ஏவிலும் ஸ்பிளைசோசோம் ஆர்என்ஏவிலும் குறிப்பிட்ட யூரிடின்களை, அதே அணுக்களாலான மாற்று வடிவமான சூடோயூரிடினாக மாற்றுகிறது. டெலோமரேஸ் ஆர்என்ஏவின் வால்பகுதியில் அமரும்போது அந்த ஆர்என்ஏ சிதையாமல் காக்கிறது. அந்தக் காவல் இல்லையென்றால், குரோமோசோம் முனைகளிலுள்ள டெலோமியரை நீட்டும் டெலோமரேஸ் நொதியே உருவாகாது.

டிஸ்கெரினைக் குறிக்கும் டிகேசி1 மரபணுவில் அறியப்படாத மாற்றம் ஒன்று நோயாளியிடம் கண்டறியப்பட்டு, இரண்டில் எந்த வேலை பழுதாகியிருக்கிறது என்று உங்களிடம் கேட்கப்படுவதாக வைத்துக்கொள்வோம். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் நேராக டெலோமியர் நீளத்தை அளக்கப் போகிறார்கள். கடிகாரத்தில் மணி முள் போல, இருப்பவற்றில் மிக மெதுவாக நகர்வது அதுதான். புரதம், ஆர்என்ஏ அளவு, சூடோயூரிடின், டெலோமரேஸ் செயல்பாடு, கடைசியாக நீளம் என்ற வரிசையில் சென்றால், ஒவ்வொரு படியின் முடிவும் அடுத்த படியை எப்படி வாசிப்பது என்பதைச் சொல்லிவிடும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நோயாளியின் செல்கள், நோயற்ற உறவினரின் செல்கள், வயதில் நெருக்கமான தொடர்பில்லாத ஒருவரின் செல்கள் ஆகிய மூன்றும் வேண்டும். உறவினரை மட்டும் ஒப்பீட்டுக்கு வைத்தால் போதாது. குடும்பத்தில் மரபாக இறங்கும் குறுகிய டெலோமியர் அவரிடமும் இருக்கலாம். இவற்றுடன் டெலோமரேஸ் நிறைந்த எச்இகே293 அல்லது ஹீலா செல்களும், டெலோமரேஸ் இல்லாத யூ2ஓஎஸ் செல்களும் தேவை.

செல்களைச் சேகரிக்கும் நாளிலேயே எண்ணி, நான்கு படிவுகளாகப் பிரித்து உறையவைத்துவிட வேண்டும். ஒன்று ஆர்என்ஏவுக்கு, ஒன்று புரதத்துக்கு, ஒன்று டெலோமரேஸ் சாற்றுக்கு, ஒன்று டிஎன்ஏவுக்கு. ஆர்என்ஏவைத் திங்களன்றும் டெலோமரேஸ் சாற்றை அடுத்த மாதமும் எடுத்தால், இரண்டுக்கும் இடையே செல்கள் எத்தனை முறை பிரிந்தன என்ற கணக்கு தப்பிவிடும். குழாயின் மேல் தேதியோடு இரட்டிப்பு எண்ணையும் எழுதுங்கள். எட்டாவது படியில் அந்த எண் இல்லாமல் எதையும் சொல்ல முடியாது.

2. மாற்றம் புரதத்தில் எங்கே விழுகிறது என்று குறித்தல்

மனித டிஸ்கெரின் 514 அமினோ அமிலங்கள் கொண்டது. 125ஆம் இடத்திலுள்ள அஸ்பார்ட்டிக் அமிலம் வேதிவினையின் மையம். அதை அலனினாக மாற்றினால் சூடோயூரிடின் உருவாகாது. சி முனையை நோக்கி இருக்கும் பியூஏ பகுதி ஆர்என்ஏவைப் பற்றும் இடம். டெலோமியர் குறுகுவதால் வரும் மரபுநோயான பிறவி டிஸ்கெரடோசிஸ் உள்ளவர்களிடம் அடிக்கடி காணப்படும், 353ஆம் அலனின் வாலினாகும் மாற்றம் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது.

உங்கள் மாற்றம் வினைமையத்துக்கு அருகிலா, ஆர்என்ஏ பற்றும் பரப்பிலா, புரதத்துக்குப் புரதம் ஒட்டும் பரப்பிலா என்று முதலிலேயே குறித்து வைத்தால், எந்தச் சோதனையில் கூடுதல் மறுபடிகள் வேண்டும் என்பது தெரியும். இது முன்கணிப்பு மட்டுமே. இதை வைத்து முடிவை எழுதத் தொடங்கிவிடக் கூடாது.

டிகேசி1 எக்ஸ் குரோமோசோமில் இருப்பதை மறப்பவர்கள் பலர். மாற்றத்தைச் சுமக்கும் தாயின் இரத்தத்தில், மாற்றமுள்ள எக்ஸ் செயல்படும் செல்கள் பின்தங்கி மற்றவை நிறைந்துவிடுவதால், எல்லா அளவீடும் இயல்பாகவே வரலாம். மாற்றத்தால் தீங்கில்லை என்பதற்கு அந்த மாதிரியைச் சான்றாகக் காட்ட முடியாது.

3. குறைத்து, பின்பு மீட்கும் அமைப்பு

நோயாளியின் செல்லில் காணும் குறை அந்த ஒரு மாற்றத்தால் மட்டுமே வந்தது என்று காட்ட, வேறொரு செல் வகையில் இயற்கையான டிஸ்கெரினைக் குறைத்து, மாற்றமுள்ள வடிவத்தைக் கொண்டு மீட்க முயல வேண்டும். மரபணுவை முற்றிலும் நீக்க முயலாதீர்கள். டிஸ்கெரின் இல்லாமல் செல் பிழைப்பதில்லை. பிழைத்து வளரும் குளோன்கள் நீக்கம் முழுமையடையாதவையாகவே இருக்கும்.

இலக்கு எம்ஆர்என்ஏவைச் சிதைக்கும் சிறு ஆர்என்ஏவான எஸ்ஐஆர்என்ஏவை, புரதமாகப் பெயர்க்கப்படாத 3' வால்பகுதிக்கு வடிவமைத்தால், நீங்கள் செலுத்தும் பிரதி அதற்குத் தப்பிவிடும். வெறும் பிளாஸ்மிட், இயல்பான டிஸ்கெரின், 125ஆம் இடம் அலனினாக்கப்பட்ட டிஸ்கெரின், உங்கள் மாற்றம் ஆகிய நான்கும் எப்போதும் பக்கம்பக்கமாக ஓட வேண்டும். மூன்றாவதை விட்டுவிடுபவர்கள் உண்டு. வேதிவினை மட்டும் நின்றால் அளவீடுகள் எப்படி அமையும் என்பதைக் காட்டும் அளவுகோல் அதுதான்.

வலிமையான புரமோட்டர் வைத்துப் புரதத்தை இயல்பைவிடப் பல மடங்கு உற்பத்தி செய்தால், ஆர்என்ஏவை அரைகுறையாகப் பற்றும் புரதமும் எண்ணிக்கையால் ஈடுகட்டிவிடும், குறை மறைந்துபோகும். புரத அளவைக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் மீட்ட புரதத்தின் பட்டை இயற்கைப் பட்டைக்கு இணையாக வரும்வரை அளவைச் சரிசெய்த பிறகே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும். அதே பிளாட்டில் என்ஓபி10, என்எச்பி2, ஜிஏஆர்1 ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். டிஸ்கெரின் நிலைகுலைந்தால் கூட்டாளிகளின் அளவும் ஆட்டம் காணும். அதை அறியாமல் பின்னால் வரும் ஆர்என்ஏ குறைவை விளக்க முடியாது.

4. ஆர்என்ஏ அளவைப் பிழையின்றி எடுத்தல்

இந்தப் படியில்தான் அதிகமான தவறுகளைக் கண்டிருக்கிறேன். எல்லாம் நிகழளவு பிசிஆர் தெரிந்தவர்கள் செய்தவை. காரணம், டெலோமரேஸ் ஆர்என்ஏ சாதாரண எம்ஆர்என்ஏ போன்றதன்று.

முதலாவது, அதன் மரபணுவில் இன்ட்ரான் இல்லை. எக்சான்களின் சந்திப்பைத் தாண்டி பிரைமர் வைத்து டிஎன்ஏ மாசைத் தவிர்க்கும் வழக்கமான உத்தி இங்கே செல்லாது. செல்லின் டிஎன்ஏவிலிருந்தும் அதே நீளத் துண்டே பெருகும். ஆகவே டிஎன்ஏஸ் நொதியால் கழுவுவதும், ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் சேர்க்காத குழாய் ஒன்றை ஒவ்வொரு மாதிரிக்கும் ஓட்டுவதும் கட்டாயம். ஒருமுறை எங்கள் தட்டில் நொதி சேர்த்த குழாய் 25ஆம் சுற்றிலும் சேர்க்காத குழாய் 27ஆம் சுற்றிலும் எழுந்தன. பார்த்தவர் இரண்டு சுற்று இடைவெளி போதும் என்று நினைத்துவிட்டார். இரண்டு சுற்று என்றால் நான்கு மடங்கு. அதாவது அளந்த குறிகையில் கால் பங்கு டிஎன்ஏவிலிருந்து வந்தது. அந்தத் தட்டு முழுவதையும் தள்ளிவிட்டு, டிஎன்ஏஸ் கழுவலிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருந்தது.

இரண்டாவது, முதிர்ந்த டெலோமரேஸ் ஆர்என்ஏவுக்கு ஏ வால் கிடையாது. உருவாகும்போது பிஏபிடி5 நொதி அதன் முனையில் சில ஏக்களைச் சேர்க்க, பார்ன் என்ற நொதி அவற்றைச் செதுக்கி எடுக்கிறது. ஒலிகோ டிடி பிரைமரால் எதிர்ப்படி எடுத்தால், முதிராதவற்றையும் சிதைவுக்குக் குறிக்கப்பட்டவற்றையுமே பெரும்பாலும் பிடிப்பீர்கள். அப்போது நோயாளி மாதிரியில் ஆர்என்ஏ கூடியிருப்பது போன்ற தலைகீழ்த் தோற்றம்கூட வரலாம். சீரற்ற ஆறெழுத்துப் பிரைமர்களையோ அந்த ஆர்என்ஏவுக்கே உரிய பிரைமரையோ பயன்படுத்துங்கள்.

மூன்றாவது, எதனோடு ஒப்பிட்டுச் சமன்செய்கிறீர்கள் என்பது. சிறிய ஆர்என்ஏ எதுவாக இருந்தாலும் சரி என்று எண்ணி, கைக்குக் கிடைத்த ஸ்னோஆர்என்ஏ (பிற ஆர்என்ஏக்களின் மாற்றத்துக்கு வழிகாட்டும் சிறிய ஆர்என்ஏ) ஒன்றை அடிப்படையாக வைப்பவர்கள் உண்டு. அது எச்/ஏசிஏ வகையாக இருந்தால், டிஸ்கெரின் குறையும்போது அதுவும் சேர்ந்து குறையும், விகிதம் மாறாது, குறையே இல்லை என்று எழுதிவிடுவீர்கள். யூ6 அல்லது 7எஸ்கே ஆர்என்ஏவை அடிப்படையாக வையுங்கள்.

அளக்க வேண்டியவை மூன்று வகை. டெலோமரேஸ் ஆர்என்ஏ, எச்/ஏசிஏ வகை ஸ்னோஆர்என்ஏக்கள் குறைந்தது இரண்டு, டிஸ்கெரினைச் சாராத சி/டி வகையிலிருந்து யூ3. முதல் இரண்டும் குறைந்து யூ3 நின்றால், துகள் கூடிச் சேர்வதே பழுது. டெலோமரேஸ் ஆர்என்ஏ மட்டும் குறைந்தால், மற்றவை தாங்கிக்கொள்ளும் சிறு பலவீனத்தை அது தாங்கவில்லை என்று பொருள். யூ3 உட்பட எல்லாம் குறைந்தால் பெரும்பாலும் ஆர்என்ஏவே கெட்டிருக்கிறது. புதிய படிவிலிருந்து திரும்பத் தொடங்குங்கள்.

பிசிஆர் முடிவை ஒரு நார்தர்ன் பிளாட்டால் உறுதிசெய்வது நல்லது. 451 நியூக்ளியோடைடு நீளத்தில் தெளிவான பட்டை வர வேண்டும். முழு நீள ஆர்என்ஏவையும் அதன் துண்டுகளையும் பிரித்துக் காட்டுவது பிளாட்தான், பிசிஆர் அதைக் காட்டாது.

நான்கு புரதங்களும் எல்லா வகையிலும் சமம் என்று கருதுவதும் பிழை. என்ஓபி10, என்எச்பி2 ஆகியவற்றைக் குறைத்தால் டெலோமரேஸ் ஆர்என்ஏ குறைகிறது. ஜிஏஆர்1 குறைந்தபோது அந்த விளைவு காணப்படவில்லை. துகள் உருவாகும் வேளையில் என்ஏஎஃப்1 என்ற புரதம் அமர்ந்திருந்து, பின்னரே ஜிஏஆர்1க்கு இடம்விடுகிறது என்பதை நினைவில் வைத்தால் இந்த வேறுபாடு வியப்பாக இராது.

5. எந்த யூரிடினைச் சோதிப்பது என்று தேர்ந்தெடுத்தல்

மனித ரைபோசோம் ஆர்என்ஏவில் சூடோயூரிடின் இடங்கள் நூற்றை ஒட்டி உள்ளன. எல்லாவற்றையும் கையால் பார்ப்பது இயலாத காரியம். நான்காம் படியில் அளந்த ஸ்னோஆர்என்ஏக்களின் இலக்குகளையே தேர்ந்தெடுத்தால், வழிகாட்டியின் அளவையும் அதன் விளைவையும் ஒன்றாக வாசிக்கலாம்.

இலக்கைத் தாளில் கண்டுபிடிக்க ஒருமுறையாவது பழகிக்கொள்ள வேண்டும். எச்/ஏசிஏ ஆர்என்ஏ இரண்டு கொண்டை ஊசி மடிப்புகள் கொண்டது. இரண்டுக்கும் நடுவிலுள்ள ஒற்றை இழையில் எச் பெட்டி என்ற குறுகிய எழுத்துத்தொடர் இருக்கிறது. ஏசிஏ பெட்டி 3' முனையிலிருந்து மூன்று எழுத்து உள்ளே நிற்கிறது. மடிப்பின் நடுவே விரியும் உள் வளையம்தான் இலக்கைப் பிடிக்கும் பை. பெட்டியிலிருந்து 14 முதல் 16 எழுத்துகள் பின்னோக்கி எண்ணினால், மாற்றப்பட வேண்டிய யூரிடின் அமரும் இடம் கிடைக்கும்.

நேர்க்கோட்டில் இணையும் நீண்ட தொடர் ஒன்றைக் கணினியில் தேடுவது புதியவர்களின் வழக்கமான தவறு. வளையத்தின் இரு கரைகளும் தனித்தனியே, மூன்றிலிருந்து பத்து எழுத்துவரை இலக்கோடு இணைகின்றன; இடையில் அந்த யூரிடினும் அதற்கு அடுத்த எழுத்தும் இணையாமல் நிற்கின்றன. இலக்கின் 5' பக்கம் வளையத்தின் 3' கரையோடும், 3' பக்கம் 5' கரையோடும் சேர்கிறது. தொடர்ச்சி உடைந்திருப்பதால் சாதாரணத் தேடல் கருவி அதைத் தவறவிடும்.

டெலோமரேஸ் ஆர்என்ஏவின் கடைசி ஆறு எழுத்துகளை எழுதிப் பாருங்கள்: ஏ-சி-ஏ-யூ-ஜி-சி. பெட்டி, பிறகு மூன்று எழுத்து, அவ்வளவுதான். வடிவம் வழிகாட்டி ஆர்என்ஏவைப் போலவே இருந்தாலும், அதற்கென்று அறியப்பட்ட சூடோயூரிடின் இலக்கு கிடையாது. அதன் இலக்கைத் தேடி வாரக்கணக்கில் உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே துகளின் வேலை காவல், மாற்றமன்று.

6. சூடோயூரிடினைச் சிஎம்சி முறையில் அளத்தல்

சூடோயூரிடினுக்கும் யூரிடினுக்கும் நிறை ஒன்றே. எனவே வேதிக் குறியிடல் இல்லாமல் நிறைமானியில் நேராக வைத்தால் நிறையால் மட்டும் வேறுபாடு தெரியாது. சிஎம்சி என்ற கார்போடைஇமைடு அந்தக் குறியைத் தருகிறது. கொள்முதல் படிவத்தில் வேதிப்பெயரை முழுமையாக எழுதுங்கள். சிஎம்சி என்று மட்டும் எழுதினால் கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் டப்பா வந்து சேரும்.

7 மோலார் யூரியா, 4 மில்லிமோலார் ஈடிடிஏ, 50 மில்லிமோலார் பைசின், பிஎச் 8.3 கொண்ட கரைசலில், 37 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம் ஆர்என்ஏவைச் சிஎம்சியோடு வினைபுரிய விட வேண்டும். யூரியா ஆர்என்ஏவின் மடிப்புகளைத் தளர்த்தாவிட்டால் உள்ளே புதைந்த இடங்களைச் சிஎம்சி எட்டாது. இந்தக் கட்டத்தில் யூரிடின், குவானோசின், சூடோயூரிடின் மூன்றிலும் அது ஒட்டிக்கொள்ளும்.

அடுத்து பிஎச் 10.4 சோடியம் கார்பனேட்டில் 37 டிகிரியில் நான்கு மணி நேரம் வைத்தால், மற்ற இரண்டிலிருந்தும் கழன்று சூடோயூரிடினில் மட்டும் நிற்கும். நேரத்தைக் குறைத்தால் எல்லா யூரிடினிலும் பொய்த் தடைகள் தோன்றும். நீட்டினால் காரத்தில் ஆர்என்ஏ உடைந்து, ஜெல் முழுவதும் பின்னணி படரும். பிஎச்சை அந்த நாளிலேயே அளந்து கொள்ளுங்கள். பழைய கார்பனேட் கரைசல் காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி இறங்கியிருக்கும்.

பிறகு பிரைமர் நீட்டல். ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ், குறியுள்ள சூடோயூரிடினுக்கு ஓர் எழுத்து முன்பே, அதாவது அதன் 3' பக்கத்தில் நின்றுவிடும். பக்கத்தில் வரிசைமுறை ஏணி ஓட்டாமல் இடத்தைச் சொல்வதும், அந்த ஓர் எழுத்தைக் கழிக்க மறப்பதும் அடிக்கடி நேர்பவை.

சிஎம்சி சேர்க்காத ஓட்டம் எப்போதும் அருகில் இருக்க வேண்டும். 18எஸ் ஆர்என்ஏவின் 1248ஆம் இடத்தில், எச்/ஏசிஏ துகள் உருவாக்கிய சூடோயூரிடின் மீது வேறு நொதிகள் மேலும் தொகுதிகளைச் சேர்த்திருப்பதால், சிஎம்சி இல்லாமலே நொதி அங்கே நின்றுவிடும். இது தெரியாதவர் அந்தப் பட்டையைச் சிஎம்சி தந்த குறி என்று எண்ணிவிடுவார்.

இங்கே காலக் கணக்கும் உண்டு. ரைபோசோம்கள் பல நாள் வாழ்பவை. எஸ்ஐஆர்என்ஏ செலுத்தி மூன்றாம் நாள் எடுத்த ஆர்என்ஏவில் பெரும்பகுதி, டிஸ்கெரின் நிறைந்திருந்த காலத்தில் மாற்றம் பெற்றதாகவே இருக்கும். அதில் குறைவு தெரியவில்லை என்பதால் பணி பழுதாகவில்லை என்று முடிவுகட்ட முடியாது. புதிதாகப் படியெடுக்கப்பட்ட ஆர்என்ஏவைக் குறியிட்டுப் பிரித்தெடுத்து அளப்பதோ, நிலையாகக் குறைத்த செல் வரிசையைப் பயன்படுத்துவதோ வேண்டும்.

7. டெலோமரேஸ் செயல்பாட்டை டிராப் முறையில் அளத்தல்

டிராப் என்பது, சாற்றிலுள்ள டெலோமரேஸ் ஒரு பிரைமரில் ஆறு ஆறு எழுத்துகளாகச் சேர்த்து நீட்டியவற்றைப் பிசிஆரால் பெருக்கி, ஜெல்லில் ஏணியாகக் காணும் முறை. செல் படிவை 0.5 சதவீதச் சேப்ஸ் என்ற சோப்பு வகை உள்ள பஃபரில் பனிக்கட்டி மேல் 30 நிமிடம் வைத்து, 4 டிகிரியில் 12,000 ஜி வேகத்தில் 20 நிமிடம் சுழற்றி, மேல் சாற்றை எடுக்க வேண்டும். நொதி செயல்படத் தன் ஆர்என்ஏ முழுமையாக இருந்தாக வேண்டும் என்பதால், பஃபரில் ஆர்என்ஏஸ் தடுப்பான் அவசியம்.

ஒவ்வொரு மாதிரியின் ஒரு பகுதியை 85 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்கித் தனியே ஓட்டுங்கள். சூடாக்கியதிலும் ஆறு எழுத்து இடைவெளியில் ஏணி வந்தால், அது பிரைமர்களின் பொய்ப் பெருக்கம். பரவலாகப் பயன்படும் ஆயத்தத் தொகுப்புகளில் ஏணி 50 கார இணைகளில் தொடங்கும். 36இல் உள்ளக ஒப்பீட்டுப் பட்டை நிற்கும். அந்தப் பட்டை மறைந்து ஏணியும் இல்லையென்றால், நொதி இல்லை என்பதைவிடப் பிசிஆர் தடைப்பட்டது என்பதே சரி. சாற்றை நீர்த்து மீண்டும் ஓட்டுங்கள்.

பத்து மடங்கு நீர்ப்புகள் குறைந்தது மூன்று இல்லாத டிராப் முடிவை நான் ஏற்பதில்லை. சாறு மிகுதியானால் பெருக்கம் உச்சத்தில் நின்றுவிடும். பாதியாகக் குறைந்த நொதியும் முழு நொதியும் ஒரே ஏணியைத் தரும்.

இதைவிடப் பெரிய வழுக்கல் செல் வகையில் இருக்கிறது. தோலிலிருந்து வளர்த்த சாதாரண ஃபைப்ரோபிளாஸ்டுகளில் டெலோமரேஸின் புரதப் பகுதியே வெளிப்படுவதில்லை. நோயாளியிலும் ஏணி வராது, நலமானவரிலும் வராது. நோயாளியின் குழாயை மட்டும் பார்த்துவிட்டு நொதி இழப்பு என்று எழுதியவர்கள் உண்டு. தூண்டப்பட்ட லிம்போசைட்டுகளையோ, நிலைநிறுத்தப்பட்ட லிம்போபிளாஸ்ட் வரிசையையோ பயன்படுத்துங்கள்; ஃபைப்ரோபிளாஸ்ட் மட்டுமே இருந்தால், டெலோமரேஸ் புரத மரபணுவை எல்லா மாதிரிகளிலும் ஒரே அளவில் செலுத்திய பிறகு அளவிடுங்கள்.

குழாயில் நொதி வேலை செய்வதும் செல்லுக்குள் அது டெலோமியரைச் சென்றடைவதும் வேறு வேறு. டெலோமரேஸ் ஆர்என்ஏவின் 3' மடிப்பின் நுனியிலுள்ள சிஏபி பெட்டியை டிகேப்1 புரதம் பற்றுகிறது. அந்தப் பிணைப்பு கெட்டால் டிராப் இயல்பாகவே வரலாம். டெலோமியர் மட்டும் குறுகும்.

8. டெலோமியர் நீளம்

டெலோமரேஸ் இல்லாத மனித செல்லில் ஒவ்வோர் இரட்டிப்புக்கும் ஏறத்தாழ 50 முதல் 100 கார இணைகள் குறைகின்றன. நாளுக்கொரு முறை பிரியும் ஹீலாவில் மூன்று நாள் எஸ்ஐஆர்என்ஏ என்றால், முழு இழப்பிலும் 150 முதல் 300 வரைதான் குறையும். டிஎன்ஏ துண்டுகளின் நீளத்தைக் காட்டும் சதர்ன் பிளாட்டில் டெலோமியர் ஒரு பட்டையாக வருவதில்லை. பல ஆயிரம் கார இணைகளுக்குப் பரவும் தீற்றலாக வருகிறது. அந்தத் தீற்றலுக்குள் 300 கரைந்துபோகும். நிலையான வரிசையில் குறைந்தது முப்பது இரட்டிப்புகளாவது தொடர்ந்து, இடையிடையே மாதிரி எடுத்துச் சரிவைக் காட்ட வேண்டும்.

எச்ஐஎன்எஃப்1, ஆர்எஸ்ஏ1 நொதிகளால் வெட்டி அளக்கும் முறையில், டெலோமியரை ஒட்டிய பகுதியும் துண்டோடு சேர்ந்தே வரும். அதனால் கிடைக்கும் எண் உண்மையான நீளத்தைவிடப் பெரியது; ஒரே வெட்டுநொதிகளால் ஓட்டியவற்றை மட்டுமே ஒப்பிடலாம். பிசிஆர் விகித முறைக்கு டிஎன்ஏ குறைவாகப் போதும். ஆனால் டிஎன்ஏ பிரித்தெடுக்கும் முறை மாறினாலே விகிதம் மாறும். நோயாளியுடையதை ஒரு கிட்டிலும் ஒப்பீட்டை வேறொரு கிட்டிலும் எடுப்பது வீண்.

நோயாளியின் இரத்தத்துக்கு, டெலோமியரில் ஒட்டும் ஒளிர்குறியை ஒவ்வொரு செல்லிலும் அளக்கும் ஃப்ளோ-ஃபிஷ் முறையே ஏற்றது. லிம்போசைட்டின் அளவை அதே வயதினரின் பரவலோடு ஒப்பிட வேண்டும். முதல் நூற்றுமானத்துக்குக் கீழே விழுவது பிறவி டிஸ்கெரடோசிஸை வலுவாகச் சுட்டும்.

9. முடிவுகளைச் சேர்த்து வாசித்தல்

டெலோமரேஸ் ஆர்என்ஏ குறைந்து, டிராப் இறங்கி, நீளம் சரிந்து, சூடோயூரிடின் மட்டும் மாறாமல் இருந்தால், பழுது டெலோமியர் பக்கம். ஆனால் ஆறாம் படியில் சொன்ன காலக் கணக்கைச் சரிபார்த்த பிறகே அப்படி எழுத வேண்டும். நோயாளியின் செல்கள் பிறவியிலிருந்தே மாற்றத்தோடு வாழ்ந்தவை என்பதால், இந்த ஒரு கேள்விக்கு மட்டும் அவை மூன்று நாள் சோதனையைவிட நம்பகமானவை.

எதிர்த்திசையும் உண்டு. டிஸ்கெரினின் 206ஆம் குளூட்டாமிக் அமிலம் லைசினாகும் மாற்றமும், என்ஓபி10இன் 16ஆம் திரியோனின் மெத்தியோனினாகும் மாற்றமும், சிறுநீரகப் பாதிப்பு, கண்புரை, காது கேளாமை ஆகியவற்றோடு வந்த நோயாளிகளிடம் காணப்பட்டன. 2020இல் வெளியான ஆய்வு அதற்குச் சூடோயூரிடின் குறைவையே காரணமாகக் காட்டியது. டெலோமியரை மட்டும் அளந்து நிறுத்தியிருந்தால் அப்படிப்பட்ட மாற்றங்கள் தீங்கற்றவை என்று கோப்பில் ஏறியிருக்கும்.

ஆர்என்ஏ அளவும் டிராப்பும் இயல்பாக இருந்து நீளம் மட்டும் குறைந்தால், முதலில் சிஏபி பெட்டி, டிகேப்1 பக்கம் பாருங்கள். அங்கும் ஒன்றுமில்லையென்றால் குடும்பத்திலிருந்து இறங்கிய குறுகிய டெலோமியரா என்று பெற்றோரின் மாதிரியை ஓட்டுங்கள். நோயாளியின் செல்லும் மீட்புச் சோதனையும் முரண்பட்டால், மூன்றாம் படியின் வெஸ்டர்ன் பிளாட்டுக்குத் திரும்பி, மீட்ட புரதம் இயற்கை அளவைத் தாண்டியிருக்கிறதா என்று மறுபடி அளவிடுங்கள். நான் பார்த்த முரண்பாடுகளில் பெரும்பாலானவை அந்த ஒரு பட்டையின் தடிமனில் முடிந்தன.